"நான் பார்க்கலையேம்மா": ஓ.டி. மாணவர் தன் திறனைக் காட்டுவது எப்படி

நோயாலோ காயத்தாலோ அன்றாட வேலைகளைச் செய்ய முடியாமல் போனவர்களை மறுபடி செய்யப் பழக்குவதுதான் ஆக்குபேஷனல் தெரபி, சுருக்கமாக ஓ.டி. அதில் நான் மாணவியாக இருந்தபோது, இரண்டாவது போஸ்டிங்கின் (மருத்துவமனைக் களப்பயிற்சியின்) நடுவில் என் சூப்பர்வைசர் என்னை உட்கார வைத்து மதிப்பீட்டுப் படிவத்தைக் காட்டினார். இருபத்துச் சொச்சம் வரிகள். பாதிக்கு மேல் காலி. மதிப்பெண் குறைவாகப் போட்டிருந்தால்கூட சண்டை போட்டிருப்பேன், ஆனால் ஒன்றுமே எழுதவில்லை.

"மேடம், நான் இதெல்லாம் செய்தேனே" என்றேன்.

"செய்திருப்பாய். நான் பார்க்கலையேம்மா. பார்க்காததை எப்படி எழுதுறது?"

அங்கே அழுகை வந்தது, வீட்டுக்கு வந்ததும் கோபம் வந்தது. தினமும் படித்துவிட்டுத்தான் வார்டுக்குப் போனேன். கேட்டிருந்தால் கடகடவென்று சொல்லியிருப்பேன். ஆனால் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது அந்த மேஜையின் மறுபக்கம் உட்கார ஆரம்பித்து பதினெட்டு வருஷமாகிறது. அவர் செய்தது சரிதான் என்று இப்போது தெரிகிறது. சொன்ன விதம் கொஞ்சம் இதமாக இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

ஆக்குபேஷனல் தெரபி படிப்பவர் குறைந்தது 1,000 மணி நேரம் களப்பயிற்சி செய்திருக்க வேண்டும் என்பது உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள் கூட்டமைப்பின் விதி. ஆயிரம் என்றதும் மலை மாதிரி இருக்கும். அதில் சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று உங்கள் கையைப் பார்க்கும் நேரம் எவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எனக்கும் சொந்த நோயாளிகள் உண்டு, மீட்டிங் உண்டு, எழுத்து வேலை உண்டு. ஒரு மாணவரை ஒரு நாளில் முழுக் கவனத்தோடு அரை மணி நேரம் பார்த்தால் அதுவே அதிகம். மீதி நேரத்தில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதை உங்கள் பேச்சிலிருந்தும், நோட்ஸிலிருந்தும், நர்ஸும் நோயாளியும் போகிற போக்கில் சொல்வதிலிருந்தும்தான் நான் ஊகிக்கிறேன். அந்த ஊகத்துக்கு வேண்டிய சரக்கை எனக்குக் கொடுப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

படிவத்தை முதல் நாளே வாங்குங்கள்

நிறையப் பேர் மதிப்பீட்டுப் படிவத்தை நடுப்பகுதி மதிப்பீட்டன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். வினாத்தாளை முன்கூட்டியே கொடுத்தும் திறந்து பார்க்காமல் இருப்பது மாதிரி இது. முதல் நாளே ஒரு பிரதி வாங்கி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு காட்சியை எழுதுங்கள்.

படிவத்தின் மொழி எப்போதுமே பொத்தாம்பொதுவாக இருக்கும். "நோயாளியை மையமாகக் கொண்டு செயல்படுகிறார்" என்று ஒரு வரி இருக்கும். அதை யார் எப்படிப் பார்ப்பது? என் மாணவி ஒருத்தி அதன் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "இன்றைக்கு எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று அவரிடம் கேட்கிறேன். அவர் வேண்டாம் என்று சொன்னால் திட்டத்தை மாற்றுகிறேன், ஏன் மாற்றினேன் என்று நோட்ஸில் எழுதுகிறேன்." இதை என்னால் பார்க்க முடியும். "நேரத்தைத் திறம்பட நிர்வகிக்கிறார்" என்பதற்கு, "அடுத்தவர் வெளியே காத்திருக்கும்படி விடமாட்டேன், எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைப்பேன்" என்று எழுதினாள். அதையும் பார்க்க முடியும்.

காட்சியாக மாற்ற முடியாத வரி இருந்தால் நேரே கேட்டுவிடுங்கள்: "இதில் டிக் போட நீங்கள் எதைப் பார்க்க வேண்டும்?" நான் சந்தித்த சூப்பர்வைசர்கள் யாரும் இந்தக் கேள்விக்குக் கோபப்பட்டதில்லை. சிலருக்கு உடனே பதில் வராது. அவர்களும் யோசிப்பார்கள், அது உங்களுக்கு நல்லதுதான்.

இன்னொன்று, சில வரிகளுக்கு அந்த இடத்தில் வாய்ப்பே அமையாமல் போகலாம். குழு சிகிச்சை நடத்துவது, நோயாளியின் வீட்டைப் போய்ப் பார்ப்பது, குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுப்பது எல்லாம் தானாக நடக்காது. இரண்டாவது வாரத்திலேயே கேட்டால் ஏற்பாடு செய்யலாம். கடைசி வாரத்தில் வந்து "மேடம், குழு சிகிச்சை மட்டும் விட்டுப்போச்சு" என்றால் நான் குழுவுக்கு எங்கே போவேன்?

வாயைத் திறந்து யோசியுங்கள்

படிவத்தில் அதிகம் காலியாகக் கிடப்பது சிகிச்சை சார்ந்து யோசிக்கும் திறனுக்கான வரிகள்தான். யோசனை மண்டைக்குள் நடப்பதால் வெளியே தெரியாது.

ஒரு வருஷம் எனக்கு இரண்டு மாணவிகள் இருந்தார்கள். ஒரே நோயாளியை இரண்டு பேரும் வெவ்வேறு நாளில் பார்த்தார்கள். பக்கவாதம் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இடது கை வரவில்லை, இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் கவனத்துக்கு வருவதில்லை. சாப்பிட்டு முடித்தால் தட்டின் இடது பாதியில் எல்லாம் அப்படியே இருக்கும். சட்டை போடப் பழக்குவதுதான் வேலை.

முதல் மாணவி கைத்திறன் உள்ளவள். சட்டையின் உள்பக்கம் மேலே தெரியும்படி அவர் மடியில் விரித்தாள், காலர் வயிற்றுப் பக்கம் வர வைத்தாள். வராத கையை முதலில் நுழைத்து, துணியை முழங்கைக்கு மேல் ஏற்றி, அப்புறம் முதுகுப் பக்கம் சுற்றி நல்ல கைக்குக் கொண்டுவந்தாள். கழற்றும்போது நல்ல கை முதலில். தோளை ஒரு தடவைகூட இழுக்கவில்லை. எல்லாம் சரி. ஆனால் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "ஏன் அந்தப் பக்கம் முதலில்?" என்று கேட்டேன். "அப்படித்தானே மேடம் செய்யணும்" என்றாள்.

இரண்டாமவளுக்குக் கை அவ்வளவு பழகவில்லை. ஆனால் உள்ளே போவதற்கு முன்னால் வராந்தாவில் என்னை நிறுத்தினாள். "மேடம், ரெண்டு நிமிஷம். இவர் இடது பக்கத்தைப் பார்ப்பதில்லை, அதனால் சட்டையின் இடது கை ஓரத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறேன், அதைத் தேடிப் பிடிக்கச் சொல்லப் போகிறேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் இடது பக்கம் சாய்கிறார், அதனால் கைப்பிடி வைத்த நாற்காலி. தோள் மூட்டு கீழே இறங்கியிருக்கிறது, கையைப் பிடித்து இழுக்க மாட்டேன், அடியில் தாங்கித்தான் தூக்குவேன். முதுகுப் பக்கம் சுற்றும் இடத்தில்தான் தடுமாறுவார் என்று நினைக்கிறேன், அங்கே மட்டும் கை கொடுப்பேன்."

அவள் நினைத்தது தப்பாகப் போனது. அவர் முதுகுப் பக்கம் நன்றாகவே சுற்றினார். தடுமாறியது ஆரம்பத்தில்தான். ரிப்பனைப் பார்த்தார், பிடித்தார், ஆனால் பிடித்துக்கொண்டு நல்ல கையை அதற்குள் நுழைத்துவிட்டார். வெளியே வந்ததும் அவளே ஆரம்பித்தாள். "நான் சொன்னது தப்பு மேடம். அவர் ரிப்பனைப் பார்க்கிறார், அது வேலை செய்கிறது. ஆனால் எந்தக் கை என்பதில் குழம்புகிறார். நாளைக்கு அந்த மணிக்கட்டிலும் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டிப் பார்க்கட்டுமா?"

இரண்டாமவளுக்குத்தான் நான் அதிகம் போட்டேன். முதலாமவள் வருத்தப்பட்டாள், நியாயம்தான். ஆனால் பேசாமல் சரியாகச் செய்பவர் புரிந்து செய்கிறாரா, வீடியோவில் பார்த்ததைச் செய்கிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த நோயாளிக்குக் கையோடு பார்வையும் போயிருந்தால் அவள் என்ன செய்வாள் என்பது எனக்குத் தெரியாது. இரண்டாமவள் என்ன செய்வாள் என்று என்னால் ஏறக்குறையச் சொல்ல முடியும்.

இதற்குப் பெரிய பயிற்சி எதுவும் வேண்டாம். உள்ளே போகும் முன் நான்கு வாக்கியம்: என்ன பார்த்தேன், அது எதனால் என்று நினைக்கிறேன், என்ன செய்யப் போகிறேன், எங்கே தப்பாகப் போகலாம். வெளியே வந்ததும் இரண்டு: நினைத்தபடி எது நடந்தது, எது நடக்கவில்லை. சூப்பர்வைசர் பிஸியாக இருந்தால் அரைப் பக்கத் தாளில் எழுதி அவர் மேஜையில் வைத்துவிட்டுப் போங்கள். நான் டீ குடிக்கும்போது அதைத்தான் படிப்பேன்.

ஆனால் நோயாளியின் தலைக்கு மேல் நின்றுகொண்டு இதைச் செய்யாதீர்கள். "இவருக்கு இடது பக்கப் புறக்கணிப்பு இருக்கு மேடம்" என்று அவர் காது கேட்கச் சொன்ன ஒரு மாணவனை வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பேச வேண்டியிருந்தது. அவர் முன்னால் பேசுவதெல்லாம் அவரோடு பேசுவதாக இருக்கட்டும்.

ஒன்றும் செய்யாத நாள்

பாதுகாப்பு பற்றி எல்லாருக்கும் பாடம் தெரியும். வீல்சேரைக் கட்டிலுக்குக் கோணமாக நல்ல பக்கம் வைப்பது, இரண்டு பிரேக்கும் போடுவது, கால் பலகையை ஒதுக்குவது, பாதம் தரையில் படுவதைப் பார்ப்பது, இடுப்புப் பெல்ட்டைப் பிடிப்பது. விவாவில் கேட்டால் எல்லாரும் ஒப்பிப்பார்கள். நான் பார்ப்பது வேறு. பேசிக்கொண்டே இருக்கும்போதும் கை தானாகப் பிரேக்குக்குப் போகிறதா? நான் வேண்டுமென்றே பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுப்பேன். கொஞ்சம் கொடுமைதான், ஆனால் வார்டில் அமைதியாக வேலை செய்ய யாரும் விடமாட்டார்கள்.

பாதுகாப்பில் நான் பார்த்ததிலேயே சிறந்த ஒன்றைச் சொல்கிறேன். பல வாரம் படுக்கையிலேயே இருந்த ஒருவரை நாற்காலிக்கு மாற்ற வேண்டும். அதற்காகவே என்னை வரச் சொல்லியிருந்தான் அந்த மாணவன், படிவத்தில் அந்த வரி பாக்கி. கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தான். அவர் முகம் வெளிறியது, பேச்சு நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் அவரைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைத்தான், ரத்த அழுத்தம் பார்த்தான், நர்ஸைக் கூப்பிட்டு எண்ணைச் சொன்னான். நீண்ட நாள் படுத்திருந்தவர் எழும்போது அழுத்தம் சடாரென்று விழும். நின்ற மூன்று நிமிஷத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தாலே அது கணக்கில் எடுக்க வேண்டிய வீழ்ச்சி. இவருக்கு உட்காரும்போதே அதைவிட அதிகமாக விழுந்திருந்தது. "இன்னிக்கு மாத்தப் போறதில்ல மேடம்" என்றான். குரலில் ஏமாற்றம் தெரிந்தது, என்னை வரவழைத்துவிட்டு ஒன்றும் காட்ட முடியவில்லையே என்று.

நான் போய் மூன்று வரிகளில் டிக் போட்டேன்.

அளவுகோலும் ஆளும்

மதிப்பீட்டுக் கருவி எதை எடுத்தாலும் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: முறையாக எடுக்கிறீர்களா, எடுத்த எண்ணை வைத்து என்ன செய்கிறீர்கள்.

முறை என்றால், பிடி வலிமை பார்க்கும் டைனமோமீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்த நிலை, மேல்கை உடம்போடு ஒட்டி, முழங்கை 90 பாகை, முன்கை நடுநிலை, கைப்பிடி இரண்டாவது நிலை, மூன்று தடவை எடுத்து சராசரி. முழங்கையை நீட்டி ஒரு தடவை அமுக்கச் சொல்லி எண்ணை எழுதுபவரின் எண்ணை நான் எதோடும் ஒப்பிட முடியாது. இதெல்லாம் ஐந்து நிமிஷத்தில் படிக்கக்கூடியது, கோட்டைவிட்டால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாவது விஷயம்தான் கஷ்டம். 1965இல் மஹோனியும் பார்த்தெலும் வெளியிட்ட பார்த்தெல் இன்டெக்ஸ் எல்லாருக்கும் தெரியும். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது மாதிரி பத்து அன்றாட வேலைகளை ஒருவர் எவ்வளவு தானே செய்கிறார் என்று போடும் மதிப்பெண், மொத்தம் 100. அதை உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள், 100 வாங்கியவர் தனியாக வாழ முடியும் என்று அர்த்தமில்லை, அவருக்குச் சமைக்கவோ வீட்டைப் பார்த்துக்கொள்ளவோ முடியாமல் இருக்கலாம் என்று. ஒரு மாணவர் "100 வந்துவிட்டது, டிஸ்சார்ஜ் செய்யலாம்" என்று எழுதினால் எனக்குக் கவலை. "100 வந்தது, ஆனால் இவர் தனியாக இருப்பவர், அதனால் சமையலறையில் வைத்து ஒரு டீ போடச் சொல்லிப் பார்த்தேன், அடுப்பை அணைக்க மறந்தார்" என்று எழுதினால், அவர் ஓ.டி. ஆகிவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

நோயாளிக்கு எது முக்கியம் என்று கேட்பதற்குக் கனடிய செயல்திறன் அளவீடு என்று ஒன்று இருக்கிறது. அவருக்குச் சிரமமான வேலைகளை அவரே சொல்ல வேண்டும், எவ்வளவு முக்கியம், இப்போது எப்படிச் செய்கிறார், அதில் எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை அவரே போட வேண்டும். படிவத்தை நிரப்பாவிட்டாலும் அந்தக் கேள்விகளைக் கேளுங்கள். ஒருவருக்கு மூன்று வாரம் நாங்கள் உடை மாற்றக் கற்றுக்கொடுத்தோம். அவர் ஒத்துழைக்கவில்லை என்று கேஸ் ஷீட் முழுக்க எழுதியிருந்தது. ஒரு மாணவி உட்கார்ந்து கேட்டாள். உடை மாற்ற மனைவி உதவுவதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. முகச் சவரத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது, அது அவர் வேலை. மறுநாள் கண்ணாடியும் மின்சார ரேஸரும் வந்தன. அவர் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார், அதற்கு முன் பத்து நிமிஷம் தாண்டியதில்லை.

எழுத்தில் தெரிவது

நான் உங்களோடு இல்லாத நேரத்துக்கு நோட்ஸ்தான் சாட்சி. அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் 1960களில் கொண்டுவந்த முறையிலிருந்து வந்ததுதான் நாம் எழுதும் சோப் (SOAP) நோட்ஸ்: நோயாளி சொன்னது, நாம் கண்டது, அதன் பொருள் என்ன, அடுத்து என்ன. மாணவர்கள் முதல் இரண்டையும் நிரப்பிவிட்டு மூன்றாவதில் கண்டதையே திரும்ப எழுதுவார்கள். மூன்றாவதுதான் உங்கள் மூளை இருக்கும் இடம்.

"நோயாளி ஒத்துழைத்தார். ஏடிஎல் (அன்றாட வேலைகள்) பயிற்சி அளிக்கப்பட்டது. தொடரவும்." இதை எந்த நோயாளிக்கும் எழுதலாம், அதனால் எந்த நோயாளிக்கும் பயனில்லை. சிவப்பு ரிப்பன் மாணவி எழுதியது இது: "'கை எங்கே போச்சுன்னே தெரியல' என்றார். முன்பக்கம் திறக்கும் சட்டையை 11 நிமிஷத்தில் போட்டார், நான்கு முறை வாய்மொழியாக நினைவூட்டினேன், ஒரு முறை தொட்டு உதவினேன். சிவப்புக் குறியை மூன்றில் இரண்டு முறை தானே கண்டுபிடித்தார். கண்ணுக்குத் தெரியும் குறி இவருக்குப் பயன்படுகிறது, கையை மாற்றி நுழைப்பதுதான் இப்போதைய தடை. நாளை: மணிக்கட்டிலும் குறி, அதே நாற்காலி, அதே சட்டை." இதை வைத்துக்கொண்டு அவள் லீவில் போனாலும் நான் மறுநாள் தொடரலாம்.

இலக்கு எழுதும்போதும் இதேதான். "கை வலிமையை அதிகரித்தல்" என்பது ஆசை. "இரண்டு வாரத்தில், கைப்பிடி நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு நினைவூட்டலோடு, முன்பக்கம் திறக்கும் சட்டையைப் போடுவார்" என்பது இலக்கு. நடந்ததா இல்லையா என்று வேறொருவர் வந்து பார்த்தும் சொல்ல முடிய வேண்டும்.

அன்றைய நோட்ஸ் அன்றைக்கே. தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடித்து, கையெழுத்தும் தேதியும் போடுங்கள், வெள்ளை மை பூசாதீர்கள். உங்கள் லாக் புக்கில் நோயாளியின் பெயர், படுக்கை எண், முகம் தெரியும் படம் எதுவும் வேண்டாம். லிப்டில் கேஸ் பேசாதீர்கள். இதை எழுதும்போதே யாரோ ஒருவர் லிப்டில் பேசிக்கொண்டிருப்பார்.

என் ஸ்ப்ளிண்ட் கதை

காலிப் படிவம் வந்த அதே போஸ்டிங். அப்புறம் நான் எல்லாவற்றையும் மேடம் கண்ணில் படும்படி செய்ய ஆரம்பித்தேன். நல்லதை மட்டும்.

ஒரு பெண்மணிக்கு ரேடியல் நரம்பு பாதிப்பு, மணிக்கட்டு தொங்கிப்போயிருந்தது. மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்ப்ளிண்ட் செய்யும் வேலை எனக்கு வந்தது. தெர்மோபிளாஸ்டிக்கை வெந்நீரில் இளக்கி, முன்கையின் மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்கு, விரல்கள் மடங்க உள்ளங்கை ரேகையை விட்டு ஓரம் வெட்டி, வழவழவென்று முடித்தேன். மேடம் எடுத்துப் பார்த்து "நல்லா வந்திருக்கு" என்றார். அந்தப் பெருமையில் போட்டு அனுப்பிவிட்டேன். அரை மணி நேரம் உட்கார வைத்து, கழற்றி, தோலைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை வந்தார். சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டில் துருத்தும் எலும்பு இருக்கிறதே, அதன் மேல் சிவப்பாக ஒரு வட்டம். கழற்றி இருபது நிமிஷமாகியும் மறையவில்லை. மேடம் அன்று வார்டில் இருந்தார். நான் என்ன செய்தேன்? சத்தம் போடாமல் அந்த இடத்தைச் சூடாக்கி வெளியே தள்ளி, சரிசெய்து, திரும்பப் போட்டு அனுப்பினேன். சரியாகத்தான் செய்தேன். நோட்ஸில் எழுதவில்லை.

இரண்டு நாள் கழித்து மேடமே அவரைப் பார்த்தார். "ஸ்ப்ளிண்ட் எப்படி இருக்கு?" என்றார். "இப்ப பரவாயில்லைம்மா, அன்னைக்குச் செவந்து போச்சு, இந்தப் பொண்ணு அன்னைக்கே சரி பண்ணிடுச்சு" என்றார் அந்த அம்மா, என்னைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு. மேடம் என்னைத் திட்டவில்லை. அன்றிலிருந்து நான் போட்ட ஒவ்வொரு ஸ்ப்ளிண்டையும் அவர் கழற்றிப் பார்த்தார். கடைசி நாள்வரை.

அதனால் தப்பு நடந்தால் அந்த மணி நேரத்துக்குள் சொல்லுங்கள். சொல்லும் முறையும் இருக்கிறது: என்ன நடந்தது, நோயாளி இப்போது எப்படி இருக்கிறார், உடனே என்ன செய்தேன், இனி எதை மாற்றுவேன். மன்னிப்பு ஒரு வாக்கியம் போதும். பத்து நிமிஷம் மன்னிப்புக் கேட்டால் நான் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும், நோயாளி காத்திருப்பார்.

"தெரியாது" என்பதற்கும் இதுவே பொருந்தும். டாக்டரோ குடும்பத்தாரோ கேட்டதற்குப் பதில் தெரியாவிட்டால் "பார்த்துவிட்டு மதியத்துக்குள் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். பிறகு மதியத்துக்குள் போய்ச் சொல்லுங்கள். பாதிப் பேர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

கருத்துச் சொன்னால்

சூப்பர்வைசர் குறை சொல்லும்போது தலையாட்டுவது எளிது. "எப்படி மேடம் இருந்தது?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். "அடுத்த தடவை ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னால் எதை மாற்றச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். ஒரு பதில் கிடைக்கும். அதை எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த நாளே செய்யுங்கள், செய்ததைச் சொல்லுங்கள்: "நேற்று வேகமாகப் பேசுகிறேன் என்றீர்கள், இன்று கேள்வி கேட்டுவிட்டு ஐந்து எண்ணினேன்." இது சோப்புப் போடுவது மாதிரி இருக்குமோ என்று கூச்சப்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. சொன்னது காற்றோடு போகவில்லையே என்று நிம்மதியாகத்தான் இருக்கும்.

சொன்னது தப்பு என்று பட்டால் அதையும் சொல்லலாம், தனியாக, காரணத்தோடு. "நீங்கள் வேறு விதமாகச் சொன்னீர்கள், நான் இதைப் பார்த்தேன், எங்கே விடுகிறேன்?" என்று ஒரு மாணவன் கேட்டான். விட்டது நான்தான்.

சுய மீள்பார்வை எழுதச் சொல்வார்கள். பெரும்பாலும் 1988இல் வந்த கிப்ஸின் ஆறு கட்டச் சக்கரத்தைக் கொடுப்பார்கள். கட்டத்தை நிரப்புவதற்காக "மகிழ்ச்சியாக உணர்ந்தேன்" என்று எழுத வேண்டாம். நினைத்தபடி நடக்காத ஐந்து நிமிஷத்தை எடுத்துக்கொண்டு அதைப் பற்றி மட்டும் எழுதுங்கள். முழு வாரத்தையும் மேலோட்டமாக எழுதிய மூன்று பக்கத்தைவிட அது எனக்கு அதிகம் சொல்லும்.

கடைசி வாரம்

இறுதி மதிப்பீட்டுக்கு வெறுங்கையோடு வராதீர்கள். படிவத்தில் நீங்களே பென்சிலால் மதிப்பெண் போட்டுக்கொண்டு வாருங்கள், ஒவ்வொரு வரிக்கும் தேதியோடு ஒரு சம்பவம். எனக்கு நினைவில்லாததை நீங்கள் நினைவூட்டலாம், அதில் வெட்கம் எதுவும் இல்லை. எட்டு வாரத்தில் நடந்ததை நான் எப்படி ஞாபகம் வைத்திருப்பேன்? உங்களுக்கே குறைவாகப் பட்ட இடத்தில் குறைவாகவே போடுங்கள். அப்படிப் போட்டவருக்கு நான் பெரும்பாலும் கூட்டித்தான் போட்டிருக்கிறேன்.

உங்கள் நோயாளிகளிடம் கடைசி நாளன்று போய் "நாளையிலிருந்து வரமாட்டேன்" என்று சொல்லாதீர்கள். ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள், அடுத்து யார் வருவார் என்பதையும். அடுத்து வருபவருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதி வையுங்கள்: எது வேலை செய்தது, எது செய்யவில்லை, எதற்கு அவர் சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார். படிவத்தில் இதற்கென்று தனி வரி இருக்காது. சிவப்பு ரிப்பன் மாணவி போன பிறகு அவள் எழுதி வைத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு புதுப் பையன் ஒருவன் வார்டுக்கு வந்தான். அதன் கடைசி வரி: "ரிப்பன் மேஜையின் இரண்டாவது டிராயரில், கத்தரிக்கோலுக்கு அடியில் இருக்கிறது. இப்போது மணிக்கட்டுக்கு மட்டும் கட்டினால் போதும்."